பெயரோடு சேர்த்துச் சேகரியுங்கள்: ஜெர்மன் சிப்பாய்களின் நினைவு அட்டைகளும் படைப் பொருட்களும் – முழுமையான வழிகாட்டி

என்னிடம் இருக்கும் அட்டைகளில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது ஒன்று உண்டு. உள்ளங்கை அளவு, சுற்றிலும் கறுப்புக் கரை. மேலே ஒரு இரும்புச் சிலுவை, அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புகைப்படங்கள். அண்ணனும் தம்பியும். அண்ணன் 1942இல் ரஷ்யாவின் ர்ஷெவ் அருகே இறந்தார், தம்பி 1944இல் இத்தாலியில். தெற்கு ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். பின்பக்கத்தில் வியாகுல மாதா, மடியில் மகனின் உடல். மியூனிக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையில், ஷூ டப்பாவுக்குள் கிடந்தது. விலை ஒரு யூரோ.

அதே சந்தையில் இரண்டு கடை தள்ளி ஒரு எஃகு ஹெல்மெட்டை 400 யூரோவுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை யார் அணிந்தார், எங்கே அணிந்தார், உயிரோடு வீடு திரும்பினாரா? எதுவும் தெரியாது. ஒரு யூரோ அட்டை இரண்டு பேரின் பெயர், ஊர், பிறந்த நாள், இறந்த நாள், படைப்பிரிவு எல்லாவற்றையும் சொன்னது. ஜெர்மன் போர்க்காலப் பொருட்களைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஹெல்மெட்டில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். இன்று யாராவது கேட்டால், முதலில் நூறு அட்டைகளை வாசியுங்கள், அப்புறம் ஹெல்மெட் பக்கம் போகலாம் என்றுதான் சொல்வேன்.

இந்த அட்டை என்ன, எங்கிருந்து வந்தது

ஜெர்மனில் இதை ஸ்டெர்பெபில்ட் என்பார்கள், அதாவது மரணப் படம். முழுக்கக் கத்தோலிக்க வழக்கம். நெதர்லாந்தின் கத்தோலிக்கர்களிடம் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டில் பவேரியா, ஆஸ்திரியா, தென் டிரோல் பகுதிகளில் ஊருக்கு ஊர் வேரூன்றியது. இறந்தவருக்கான பூசைக்கு வந்தவர்களிடம் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். அவர்கள் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அட்டை கண்ணில் படும்; உத்தரிக்கிற ஸ்தலத்தில் (பரலோகம் போகும் முன் ஆத்துமா தூய்மையாகும் இடம்) இருக்கும் அந்த ஆத்துமாவுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமும் சொல்ல வேண்டும். அதனால்தான் பல அட்டைகளின் அடியில் ஒரு குட்டிச் செபமும், அதைச் சொன்னால் ‘300 நாள் பலன்’ (பாவத்துக்கான தண்டனையில் குறைப்பு) என்ற குறிப்பும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் நினைவு மலர் அடித்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

போரில் இறந்தவர்களுக்கு இந்த அட்டை இன்னும் முக்கியமானது. உடல் ஊருக்கு வரவில்லை. கோயிலில் வெறும் பெட்டி மேடையை வைத்துப் பூசை நடக்கும். தாய் தகப்பனுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை கிடையாது. அந்த இடத்தை இந்த அட்டைதான் நிரப்பியது.

இதிலிருந்தே ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. இறந்தவர்களுக்காக மன்றாடும் வழக்கம் புரொட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன் சபையில் இல்லை. எனவே பிரஷ்யாவின் லூத்தரன் பகுதிகளிலோ சாக்சனியிலோ இப்படிப்பட்ட அட்டைகள் அபூர்வம். நீங்கள் ஆயிரம் அட்டை சேர்த்தாலும் அது ஜெர்மன் படை முழுவதன் படம் ஆகாது; தெற்கு, மேற்குக் கத்தோலிக்க ஊர்களின் படம்தான்.

முதல் படி: ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள்

‘ஜெர்மன் ராணுவம்’ என்று பொதுவாகச் சேர்த்தால் ஆறு மாதத்தில் ஒரு பெட்டி குப்பைதான் மிஞ்சும். ஒரே மாவட்டம், ஒரே ரெஜிமென்ட், ஒரே போர்க்களம், ஒரே அச்சகம், இப்படி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரையில் மிகவும் பலன் தருவது ஒரே ஊரும் அதன் சுற்றுப்புறமும்தான். ஊர்ச் சதுக்கத்தில் போர் நினைவுத்தூண் இருக்கும். அதில் பெயர்கள் வரிசையாக இருக்கும். கையில் இருக்கும் அட்டையை அந்தப் பெயரோடு பொருத்திப் பார்க்கலாம். அந்தத் தூணில் ஒரே குடும்பப் பெயர் நான்கு முறை வருவதைப் பார்க்கும்போது புரிகிற விஷயம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

எந்தப் போர் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் உலகப்போர் அட்டைகளில் தகவல் தாராளமாக இருக்கும். பவேரியாவுக்கு அப்போது தனிப்படையே இருந்ததால் ரெஜிமென்ட்டும், அதற்குள் இருக்கும் சிறு பிரிவான கம்பெனியும்கூட எழுதியிருப்பார்கள். இரண்டாம் உலகப்போர் அட்டைகளில், முக்கியமாக 1943க்குப் பின், ‘கிழக்கில்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுவார்கள்.

எங்கே வாங்குவது

பழைய பொருள் சந்தை, வீடு காலி செய்கிறவர்கள், பழைய தபால் அட்டை வியாபாரிகள், சேகரிப்பாளர் கண்காட்சிகள், இணைய ஏலம். சாதாரண அட்டை ஒன்றிரண்டு யூரோவிலேயே கிடைக்கும். பாராசூட் படை, நீர்மூழ்கிக் கப்பல், ஸ்டாலின்கிராட், எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) என்று வந்தால் விலை பல மடங்கு ஏறும், கூடவே போலிகளும் வரும். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பதே என் கருத்து. விலை ஏறுவதற்குக் காரணம் அட்டையில் இருக்கும் மனிதர் இல்லை, அவர் சட்டையில் இருந்த அடையாளம்தான்.

ஒரு குடும்பத்தின் செபப் புத்தகம் அட்டைகளோடு முழுதாகக் கிடைத்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். அதில் இருக்கும் சாதாரண மரண அட்டைகள், பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சிப்பாயின் வீட்டைக் காட்டுகின்றன. வியாபாரி போர் அட்டைகளை மட்டும் உருவித் தனியாக விற்பார். நாமும் அதைச் செய்ய வேண்டாம்.

அட்டையை வாசிப்பது

முதல் தடை எழுத்து. பெரும்பாலான அட்டைகள் ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் இருக்கும். அதில் நீளமான ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே தெரியும். குறுக்குக்கோடு முழுதாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ‘கே’, ‘டி’ இரண்டும் குழப்பும். பெரிய எழுத்தில் ‘பி’யும் ‘வி’யும், ‘என்’னும் ‘ஆர்’ரும் இரட்டைப் பிள்ளைகள். ஊர்ப்பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் அப்புறம் தேடுவது எல்லாமே வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். 1941 ஜனவரியில் நாஜி அரசே இந்த எழுத்தைக் கைவிடச் சொன்னது. சின்ன ஊர் அச்சகங்கள் கையில் இருந்த அச்சை வைத்தே தொடர்ந்து அடித்தன. எனவே எழுத்தை மட்டும் வைத்து ஆண்டைக் கணிக்காதீர்கள்.

பின்பக்கத்தில் பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால் அது பெரும்பாலும் கூரென்ட் அல்லது ஸ்யூட்டர்லின் கையெழுத்து. ஸ்யூட்டர்லின் 1911இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவானது, 1941 வரை சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வாரம் தினமும் அரை மணி நேரம் எழுதிப் பழகினால் படிக்க வந்துவிடும். இந்தப் பென்சில் குறிப்புகளை விடாதீர்கள்: ‘என் ஞானப்பிள்ளை’, ‘பூசை கொடுத்தாயிற்று’ என்பது போன்ற வரிகள் அட்டை யார் கையில் இருந்தது என்று சொல்லிவிடும்.

இனி அச்சான வரிகள். மேலிருந்து கீழே ஏறக்குறைய ஒரே வரிசைதான்: ‘பக்தியுள்ள நினைவாக’ என்ற தலைப்பு, பெயர், ‘மாண்புமிக்க இளைஞர்’ என்ற அடைமொழி, தொழில் அல்லது யாருடைய மகன், ஊர், படைப் பதவி, ரெஜிமென்ட், விருதுகள், இறந்த தேதி, இடம், வயது, செபம், அடியில் பொடி எழுத்தில் அச்சகம். மணமாகாதவருக்கு ‘இளைஞர்’ என்று போடுவார்கள். 38 வயதுக்காரருக்கும் அப்படியே. வயது எண்ணைப் பார்க்காமல் சின்னப் பையன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

விருதுகள் வெறும் அலங்காரம் இல்லை. காயப் பதக்கம் கறுப்பு என்றால் ஒன்று அல்லது இரண்டு முறை காயம், வெள்ளி என்றால் மூன்று அல்லது நான்கு, தங்கம் என்றால் ஐந்து அல்லது அதற்கு மேல். ‘கிழக்குப் பதக்கம்’ என்று இருந்தால் அவர் 1941 நவம்பர் 15 முதல் 1942 ஏப்ரல் 15 வரையிலான முதல் ரஷ்யக் குளிர்காலத்தில் அங்கே இருந்தவர். ஒரே வரியில் ஒருவருடைய அரை ஆண்டு தெரிந்துவிடுகிறது. 1942 அக்டோபரில் காலாட்படை ரெஜிமென்ட்களுக்கு கிரெனடியர் ரெஜிமென்ட் என்று பெயர் மாற்றினார்கள். 1941இல் இறந்ததாகச் சொல்லும் அட்டையில் கிரெனடியர் ரெஜிமென்ட் என்று பார்த்தால் நின்று யோசியுங்கள்: அட்டை பிற்பாடு அச்சானதாக இருக்கலாம், அல்லது போலியாக இருக்கலாம்.

இன்னொரு தடயம் இரும்புச் சிலுவை. அது 1813இல் பிரஷ்யாவில் பிறந்த விருது; 1870, 1914, 1939 என ஒவ்வொரு போரிலும் மறுபடி கொண்டுவந்தார்கள். 1939 வடிவத்தின் நடுவில் ஸ்வஸ்திகா உண்டு. 1945க்குப் பின் அச்சான அட்டைகளில் பெரும்பாலும் அந்த நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். ‘1943இல் இறந்தவர்’ என்று எழுதி, சிலுவை வெறுமையாக இருந்தால், குடும்பத்துக்குச் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். சோவியத் சிறைமுகாம்களில் இறந்தவர்கள் பலரின் வீட்டுக்கு அங்கிருந்து திரும்பிய தோழர் ஒருவர் வந்து சொல்லித்தான் தெரியவந்தது. கடைசிக் கைதிகள், ஏறக்குறைய 10,000 பேர், மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் (சான்சலர்) அடெனாவர் 1955 செப்டம்பரில் மாஸ்கோ போய்ப் பேசிய பிறகுதான் திரும்பினார்கள். சில தாய்மார்கள் அதுவரை அட்டை அடிக்கவே இல்லை.

மரணம் எப்படி நேர்ந்தது என்ற வரியைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘தலையில் குண்டு பாய்ந்து’ என்று எண்ணற்ற அட்டைகள் சொல்கின்றன. கம்பெனித் தளபதி வீட்டுக்கு எழுதும் கடிதத்தில், துன்பப்படாமல் உடனே போய்விட்டார் என்று எழுதுவது ஆறுதலுக்காக. அந்த வாசகம் அட்டைக்கும் வந்துவிடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மருத்துவக் குறிப்பு என்று நம்பிப் பதிவு செய்ய வேண்டாம்.

பெயரைத் தேடுவது

அட்டை கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது: இரு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, வரி வரியாகத் தட்டச்சு செய்து வையுங்கள். அப்புறம் மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலாவது ஃபோல்க்ஸ்பூண்ட் எனப்படும் ஜெர்மன் போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கம். 1919இல் தொடங்கியது. அதன் இணையத் தேடலில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால், பதிவு இருந்தால், கல்லறைத் தோட்டமும் வரிசை எண்ணும் வரும். எழுத்து மாறிப்போன பெயர்கள் நிறைய உண்டு. கிடைக்காவிட்டால் பெயரை வேறு எழுத்துகளில் மாற்றிப் போட்டும் பாருங்கள். கல்லறை இல்லாதவர்களும் பதிவில் இருப்பார்கள். வோல்கோகிராட் (அன்றைய ஸ்டாலின்கிராட்) அருகே ரொசோஷ்காவில் காணாமல் போனவர்களின் பெயர்களைக் கனசதுரக் கற்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் லாங்கமார்க்கில் 44,000க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். ஓர் அட்டையில் அந்தப் பகுதியின் பெயரான ‘ஃபிளாண்டர்ஸ்’ என்ற ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பது அங்கே போய் நின்றால் உறைக்கும்.

இரண்டாவது, முதல் உலகப்போருக்கான இழப்புப் பட்டியல்கள். அரசே போர்க்காலத்தில் வெளியிட்டவை. ஜெர்மன் வம்சாவளி ஆய்வுச் சங்கம் ஒன்றின் தன்னார்வலர்கள் அவற்றைத் தட்டச்சு செய்து, தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பவேரியாக்காரர் என்றால் மியூனிக்கின் போர் ஆவணக் காப்பகத்தில் படைப் பதிவேடு இருக்கும்: சேர்ந்த நாள், காயம், மருத்துவமனை, விடுப்பு எல்லாம் கையெழுத்தில்.

மூன்றாவது, இரண்டாம் உலகப்போருக்கு, பெர்லினில் முன்பு வாஸ்ட் என்று அழைக்கப்பட்ட அலுவலகம். 1939இல் இழப்புகளைப் பதிவு செய்யத் தொடங்கியது; 2019 முதல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவு. ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அட்டைப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். எதற்குக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

அட்டை சொல்லாதது

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

அட்டை ஒரு தாயின் குரல். அதில் ‘பாசமுள்ள மகன்’ இருப்பான். அந்த மகன் எந்தப் படையோடு எந்த ஊருக்குள் போனான், அங்கே என்ன நடந்தது என்று அட்டை சொல்லாது, சொல்லவும் முடியாது. தொப்பியில் எடெல்வைஸ் பூ குத்திய மலைப்படை வீரர்களின் அட்டைகள் பவேரியாவில் ஏராளம். 98ஆவது மலைப்படை ரெஜிமென்ட்டின் 12ஆவது கம்பெனி 1943 ஆகஸ்ட் 16 அன்று கிரேக்கத்தின் கொம்மெனோ என்ற கிராமத்துக்குள் புகுந்து 317 பேரைக் கொன்றது. பெண்கள், கைக்குழந்தைகள், ஒரு கல்யாண வீட்டில் கூடியிருந்தவர்கள். அடுத்த மாதம் கெஃபலோனியா தீவில் சரணடைந்த இத்தாலியச் சிப்பாய்களை மலைப்படையினர் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். அதே ரெஜிமென்ட் எண் உள்ள அட்டை உங்கள் கையில் வரலாம். அந்த மனிதர் அன்று அங்கே இருந்தாரா என்பது அட்டையால் தெரியாது. ஆனால் ரெஜிமென்ட் எண்ணைக் குறிக்கும்போது, அந்தப் படை போன பாதையையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். ஜெர்மன் ராணுவம் போரிட மட்டுமே செய்தது, குற்றங்கள் எல்லாம் எஸ்.எஸ்.ஸின் வேலை என்ற கதையை ஜெர்மனியிலேயே 1990களில் ஒரு பெரிய நடமாடும் கண்காட்சி உடைத்தது. சேகரிப்பாளர் கூட்டத்தில் அந்தக் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை நாமும் சுமந்துகொண்டு போகக் கூடாது.

அப்புறம், படைப் பொருட்கள்

சரி, இப்போது ஹெல்மெட். முதல் உலகப்போரின் எஃகு ஹெல்மெட் 1916இல், பிரான்சின் வெர்டன் போர்க்காலத்தில் வந்தது. இரண்டாம் போரில் மூன்று வடிவங்கள் முக்கியம், 1935, 1940, 1942 என்று ஆண்டை வைத்தே அழைக்கிறார்கள். பிரிக்கும் முறை எளிது. காற்றுத் துளையில் தனியாக ஒரு வளையம் பொருத்தி, விளிம்பை உள்பக்கம் மடித்திருந்தால் 1935. துளை தகட்டிலேயே அழுத்தி எடுத்தது, விளிம்பு மடித்தது என்றால் 1940. விளிம்பை மடிக்காமல் வெளிப்பக்கம் விரித்து வெட்டி விட்டிருந்தால் 1942. ஒவ்வொரு மாற்றமும் செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்த வந்தது. மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒரு நாட்டின் தொழிற்சாலைகள் மூச்சுத்திணறுவது தெரியும்.

இடது பக்க உள்சுவரில் எழுத்தும் எண்ணும் அடித்திருக்கும். ‘க்யூ’ என்றால் எஸ்லிங்கனின் குவிஸ்ட் ஆலை, ‘ஈடி’ என்றால் தாலே இரும்பாலை. எண் தகட்டின் அளவு. 64 என்று இருந்தால் உள்ளே இருக்கும் தோல் உறை 56 அல்லது 57 ஆக இருக்க வேண்டும்; 66 என்றால் 58 அல்லது 59. பொருந்தாவிட்டால் இரண்டு ஹெல்மெட்டைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒட்டும் சின்னங்களில்தான் ஏமாற்று வேலை அதிகம். மூவர்ணக் கேடயச் சின்னத்தை 1940இல் நிறுத்தினார்கள், கழுகுச் சின்னத்தை 1943இல் நிறுத்தினார்கள். நான் வாங்கிய முதல் ஹெல்மெட் 1942 வடிவம், அதன்மேல் பளிச்சென்று மூவர்ணக் கேடயம்! விற்றவர் அதன் ‘வரலாறு’ ஒன்றையும் சொன்னார், நானும் நம்பினேன். ஒரு பழைய சேகரிப்பாளர் அதைக் கையில் வாங்கி, விளிம்பை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, “தம்பி, இந்தத் தகடு பிறக்கும் முன்பே இந்தச் சின்னம் செத்துப்போச்சு” என்று பொருள்படச் சொன்னார். அன்றிலிருந்து கதையைக் கேட்கும் முன் விளிம்பைத் தடவிப் பார்க்கிறேன்.

ஹெல்மெட்டைவிடச் சின்னப் பொருட்கள் மனிதருக்கு அருகில் கொண்டுபோகும். 1931 மாதிரித் தண்ணீர்க் குடுவை, 0.8 லிட்டர், அலுமினியம், கம்பளி உறை போட்டது. கடைசி ஆண்டுகளில் அலுமினியம் போய் எனாமல் பூசிய இரும்பு வந்தது. கஞ்சிப் பாத்திரம், ரொட்டிப் பை, ‘கடவுள் நம்மோடு’ என்று பொறித்த இடைவார்க் கொக்கி. இவற்றில் பல சிப்பாய்கள் கத்தியால் முதலெழுத்தையோ ஊர்ப் பெயரையோ கீறியிருப்பார்கள். கீறல் இருக்கும் நசுங்கிய குடுவை, கீறல் இல்லாத புத்தம்புதுக் குடுவையைவிட எனக்கு மதிப்பு. அந்தக் கீறலைத் தேய்த்து மினுக்கிவிடாதீர்கள். தேதியும் ஆலைக் குறியும் பெரும்பாலும் எங்காவது இருக்கும். 1942 கடைசிக்குப் பின் வந்த துணி, தோல் பொருட்களில் ஆலைப் பெயருக்குப் பதில் நீளமான எண் முத்திரை இருக்கும்.

அடையாளத் தகட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டை வடிவத் தகடு, நடுவில் மூன்று நீளத் துளைகள், இரு பாதியிலும் ஒரே எழுத்துகள். பெயர் இருக்காது. ஆளைச் சேர்த்த படைப்பிரிவு, பட்டியல் எண், சிலவற்றில் ரத்த வகை. சிப்பாய் இறந்தால் கீழ்ப் பாதியை உடைத்து அலுவலகத்துக்கு அனுப்புவார்கள், மேல் பாதி உடலோடு புதையும். தகட்டில் இருப்பது பெரும்பாலும் பயிற்சிப் பிரிவின் பெயர். அவர் அங்கேதான் இறந்தார் என்று நினைப்பது வழக்கமான பிழை.

இப்போது யோசியுங்கள். மண்ணிலிருந்து எடுத்த, உடையாத முழுத் தகடு ஒன்று விற்பனைக்கு வருகிறது. உடையவில்லை என்றால் அவர் இறந்ததை யாரும் பதிவு செய்யாமல் போயிருக்கலாம். அந்தத் தகடு எலும்புகளோடு கிடந்திருந்தால், அதை எடுத்தவர் அந்த மனிதரின் பெயரையே எடுத்துவிட்டார். மிச்சம் கிடைத்தாலும் இனி அவர் ‘அடையாளம் தெரியாத சிப்பாய்’தான். மண் ஒட்டிய முழுத் தகட்டை வாங்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் அதிலிருக்கும் எழுத்துகளை அப்படியே எழுதி, படத்தோடு பெர்லின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள்.

தோண்டுவதும் வேண்டாம். வெர்டன் காடுகளில் உலோகம் தேடுவதும் தோண்டுவதும் தடை. குண்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கண்ணிவெடி, கையெறி குண்டு, தோட்டா எதையும் ‘செயலிழந்தது’ என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள். பழைய வாயு முகமூடியின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். திறக்காமல், முகத்தில் மாட்டாமல், மூடிய பையில் வையுங்கள். இருட்டில் ஒளிரும் திசைகாட்டி முள்ளில் ரேடியம் இருக்கும், சுரண்டக் கூடாது.

போலியைப் பிடிப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், புற ஊதா விளக்கு ஒன்றும் வாங்குங்கள். ஹெல்மெட்டைவிட முதலில் வாங்க வேண்டியவை இவை. பழைய அட்டையில் எழுத்து காகிதத்தை அழுத்தியிருக்கும், பின்பக்கம் விரலுக்குத் தெரியும். இங்க்ஜெட்டில் அடித்தது என்றால் லென்ஸில் வண்ணப் புள்ளிகள் சிதறித் தெரியும். போருக்குப் பின் வந்த காகிதத்திலும் நூலிலும் வெண்மையாக்கும் ரசாயனம் சேர்த்திருப்பதால் புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிடும். ஒரு சட்டையின் தையல் நூல் மட்டும் பளிச்சிட்டால், சின்னத்தைப் பிற்பாடு தைத்திருக்கிறார்கள். பதக்கங்களில் ஒரு நினைவு: 1957இல் மேற்கு ஜெர்மனி ஸ்வஸ்திகா இல்லாத வடிவத்தில் அணிய அனுமதித்தது. நடுவில் ஓக் இலை இருக்கும் ‘1939’ சிலுவை போலி இல்லை, 1957க்குப் பிந்தையது. போர்க்காலத்தது என்று விலை வைத்தால்தான் ஏமாற்று.

சட்டம்

ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாஜி அடையாளங்களைப் பொது இடத்தில் காட்டுவதையும் பரப்புவதையும் தடுக்கிறது. வரலாற்று ஆய்வு, கல்வி, கலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் ஏலப் படங்களில் ஸ்வஸ்திகாவின்மேல் சிறு மறைப்பு ஒட்டியிருப்பார்கள். ஆஸ்திரியாவில் 1947இன் தடைச் சட்டம் இன்னும் கடுமை. ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரியிலிருந்து நாஜி அடையாளப் பொருள் வணிகமே குற்றம். துப்பாக்கிமுனைக் கத்தியை இந்தியாவுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் சுங்கத்திலும் ஆயுத விதிகளிலும் விசாரியுங்கள். அந்தக் கத்தியின் அலகு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். அட்டைக்கு இந்தத் தொல்லை ஏதும் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் இணையத்தில் போடும்போது 1939 சிலுவை தெரியும் படங்களைக் கவனித்துப் போடுங்கள்.

வைத்துக் காப்பது

அட்டைக்கு அமிலமில்லாத காகித உறை அல்லது பாலியெஸ்டர் உறை. கடையில் கிடைக்கும் பி.வி.சி. ஆல்பம் வேண்டாம், சில ஆண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். கிழிந்தது கிழிந்ததாகவே இருக்கட்டும். சென்னை, கொழும்பு போன்ற ஈரப்பதமுள்ள ஊர் என்றால் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பழைய காகிதத்துக்கு வெள்ளிப்பூச்சிதான் எமன்.

ஹெல்மெட்டில் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். உதிரும் துருவை மென்துணியால் எடுத்து, நுண்மெழுகு மெல்லிசாகப் பூசினால் போதும். தோலுக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள், ஊறி இளகி அழுகும். கம்பளித் துணியை வாங்கியதும் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். அந்துப்பூச்சி முட்டை சாகும்.

பதிவேடு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், எங்கே வாங்கியது, யாரிடம், எப்போது, என்ன விலை, கூட என்னென்ன கிடந்தது. அட்டைக்கு இன்னும் கொஞ்சம்: பெயர், ஊர், படை, இறந்த இடம், கல்லறை, ஊர்த் தூணில் பெயர் உண்டா, அந்தப் படை போன பாதை. உறையின்மேல் எண்ணை எழுதுங்கள், அட்டையின்மேல் எழுதாதீர்கள். எல்லாவற்றையும் பேனாவால் எழுதினாலும் ‘கல்லறை’ என்ற கட்டத்தை மட்டும் நான் பென்சிலால்தான் நிரப்புகிறேன். அந்த அண்ணன் தம்பி அட்டைக்கு, தம்பியின் கல்லறை இத்தாலியில் இருக்கிறது, வரிசை எண்ணோடு. அண்ணன் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். கிழக்கு ஐரோப்பாவின் வயல்களிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இன்னும் எலும்புகளை எடுத்து, தகட்டைப் படித்து, பெயர் சொல்லி அடக்கம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வருடம் ஒருமுறை அவர் பெயரை மறுபடி தேடிப் பார்க்கிறேன்.